கொள்ளை நோயும் தொட்டில் கணக்கும்

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது நாம் முகக்கவசத்துக்கும் செனிடைசருக்கும் மேகி மீக்கும் கடை கடையாக ஏறி இறங்கினோம். வெளியுலகம் வேறொரு பொருளுக்காகக் கிள்ளான் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. போர்ட் கிள்ளான் பண்டமாரானில் தலைமையகம் வைத்திருக்கும் காரெக்ஸ் நிறுவனம், உலகில் தயாராகும் ஆணுறைகளில் ஐந்தில் ஒன்றைச் செய்கிறது. மலேசியாவிலுள்ள அதன் மூன்று ஆலைகளும் ஒரு வாரத்துக்கு மேல் ஓடவில்லை. அதற்குள் 10 கோடி ஆணுறைகள் குறைந்துவிட்டன என்று செய்தி பரவியது. மாதக் கடைசியில்தான், பாதி ஆட்களை மட்டும் வைத்து வேலையைத் தொடர அனுமதி கிடைத்தது.

கேலிக்கும் குறைவில்லை. வீட்டிலேயே அடைந்து கிடக்கிறார்கள், ஆணுறைக்கும் தட்டுப்பாடு, டிசம்பரில் பிரசவ வார்டில் கட்டில் கிடைக்காது என்று வாட்ஸ்அப் குழுக்களில் ஓயாமல் வந்துகொண்டிருந்தது. இதைக் கேலியாக எடுத்துக்கொள்ளாதவர்களும் இருந்தார்கள். ஐ.நா. மக்கள்தொகை நிதியம் 2020 ஏப்ரலில் ஒரு மதிப்பீடு வெளியிட்டது. முடக்கம் ஆறு மாதம் நீடித்தால், வருமானம் குறைந்த, நடுத்தர வருமானமுள்ள 114 நாடுகளில் 4 கோடியே 70 லட்சம் பெண்களுக்குக் கருத்தடைச் சாதனம் கிடைக்காமல் போகலாம். அதனால் 70 லட்சம் பெண்கள் விரும்பாமல் கருவுறலாம் என்றது.

ஓராண்டு கழித்து அதே நிதியம் கணக்கைத் திருத்தியது. கருத்தடை வசதியை இழந்தவர்கள் 1 கோடியே 20 லட்சம் பேர், விரும்பாத கர்ப்பங்கள் 14 லட்சம். அதுவும் சின்ன எண்ணிக்கை அல்ல, ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு பெண்ணின் வாழ்க்கை இருக்கிறது. ஆனால் பயந்த அளவில் ஐந்தில் ஒரு பங்குதான். காரெக்ஸின் தலைவரே 2022 தொடக்கத்தில், இரண்டு ஆண்டுகளில் ஆணுறை விற்பனை 40 விழுக்காடு வரை சரிந்துவிட்டது என்றார். தங்கும் விடுதிகள் மூடிக் கிடந்தன, அரசுகளின் இலவச விநியோகமும் நின்றிருந்தது. பிரசவ வார்டுகள் நிரம்பி வழியவில்லை. மலேசியாவில் பிறப்பு குறைந்தது.

எவ்வளவு குறைந்தது, அதில் கோவிட்டின் பங்கு எவ்வளவு என்று கேட்டால்தான் விஷயம் சுவையாகிறது. புள்ளிவிவரத் துறையின் எண்களை முழு ஆயிரமாக்கிப் பார்ப்போம். 2017இல் பிறந்தவர்கள் 5 லட்சத்து 9 ஆயிரம், 2018இல் 5 லட்சத்து 2 ஆயிரம், 2019இல் 4 லட்சத்து 88 ஆயிரம், 2020இல் 4 லட்சத்து 70 ஆயிரம், 2021இல் 4 லட்சத்து 40 ஆயிரம், 2022இல் 4 லட்சத்து 23 ஆயிரம். 2020இன் சரிவைக் கோவிட் கணக்கில் எழுதியவர்களை நிறையப் பார்த்தேன். அவர்கள் விரல் மடக்கி எண்ணவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு நவம்பர் கடைசி வரை பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய எல்லாருமே முடக்கத்துக்கு முன்பே கருவானவர்கள். ஆக 2020இன் குறைவு, 2017லிருந்து இறங்கிக்கொண்டிருந்த அதே படியில் இன்னொரு படி. கிருமி வராமலே இருந்தாலும் ஏறக்குறைய அந்த எண்ணுக்குத்தான் வந்திருப்போம். 2021இல் ஒரே ஆண்டில் 30 ஆயிரம் குறைந்ததே, அங்கேதான் நோயின் கை தெரிகிறது. வழக்கமாக இறங்கும் படியைப் போல அது இரு மடங்கு.

மக்கள்தொகை ஆய்வாளர்களின் முதல் கருவி நாட்காட்டிதான். நோய் உச்சத்தில் இருந்த மாதத்துக்கும் பிறப்பு மிகக் குறைந்த மாதத்துக்கும் இடையே எத்தனை மாதம் என்று பார்ப்பார்கள். ஒன்பது, பத்து மாத இடைவெளி என்றால் நோய்க் காலத்தில் கருத்தரிப்பு குறைந்திருக்கிறது. பயத்தாலோ, பிரிவாலோ, காய்ச்சலாலோ இருக்கலாம். கடும் காய்ச்சல் ஆணின் விந்தணு உற்பத்தியையும் இரண்டு மூன்று மாதங்களுக்குக் கெடுத்துவிடும் என்பதை இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளை தாமதமானால் பெண்ணை மட்டுமே கேள்வி கேட்கும் நம் வழக்கத்துக்கு இது ஒவ்வாத செய்தி. இடைவெளி ஆறேழு மாதம் என்றால் கரு உருவாகியிருக்கிறது, ஆனால் தங்கவில்லை. ஒன்றரை இரண்டு ஆண்டு என்றால் கல்யாணம் தள்ளிப்போயிருக்கிறது.

இந்த முறையில் அதிகமாக அலசப்பட்டது 1918இன் இன்ஃபுளுவென்சா. அமெரிக்காவின் பதிவேடுகளை மாநிலவாரியாக ஆராய்ந்த சித்தார்த் சந்திராவும் சகாக்களும், இறப்பு உச்சம் தொட்டு ஆறு முதல் ஏழு மாதத்துக்குள் பிறப்பு பள்ளம் விழுந்ததைக் கண்டார்கள். அதாவது அந்தக் குழந்தைகளின் தாய்மார், நோய் வந்தபோது முதல் மூன்று மாத கர்ப்பிணிகள். தம்பதிகள் விலகி இருந்ததால் வந்த குறை அல்ல அது, கருச்சிதைவால் வந்தது.

பிரிட்டிஷ் இந்தியாவில் அதே நோய் ஒன்றே கால் கோடி முதல் இரண்டு கோடி வரை உயிர்களைக் கொண்டுபோனதாக வெவ்வேறு ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். 1917இல் ஆயிரம் பேருக்கு 39 என்று பதிவான பிறப்பு விகிதம் 1919இல் 30க்கு இறங்கியது. இன்றைய இந்திய எல்லைக்குள் ஒரு பத்தாண்டில் மக்கள்தொகை குறைந்தது அந்த ஒரு முறைதான், 1911க்கும் 1921க்கும் இடையே. ஆனால் 1918இல் பருவமழையும் பொய்த்தது. தானிய விலை ஏறி, வயிறு காய்ந்தவர்களின் மீது காய்ச்சல் வந்து விழுந்தது. பசியால் எத்தனை பிறப்பு குறைந்தது, காய்ச்சலால் எத்தனை என்று அந்தப் பதிவேடுகளை வைத்துத் துல்லியமாகப் பிரிக்க முடியாது. ஏழை நாடுகளின் கொள்ளை நோய்க் கதைகள் எல்லாவற்றிலும் இந்தச் சிக்கல் உண்டு. கிருமி ஒருபோதும் தனியாக வருவதில்லை.

இந்தியாவில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அந்த இன்ஃபுளுவென்சா முதியவர்களைவிட இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்டவர்களைத்தான் தேடிப் பிடித்தது. ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் இறந்தார்கள். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டது அவர்கள்தானே. இன்னொரு பக்கம், கணவனை இழந்த இளம்பெண்கள் மறுமணம் செய்துகொள்ளப் பல சாதிகள் விடவில்லை. இருபத்திரண்டு வயதில் விதவையானவளுக்குப் பிறந்திருக்க வேண்டிய நான்கைந்து பிள்ளைகள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கிருமி சில வாரங்களில் போய்விட்டது, அது விட்டுச் சென்ற வெள்ளைச் சேலை இருபது ஆண்டுகளுக்குப் பிறப்பைக் குறைத்துக்கொண்டிருந்தது. மறுமணத்துக்குத் தடையில்லாத நார்வேயில் கதை வேறு. முதல் உலகப் போரில் சேராத அந்த நாட்டில் நோய் ஓய்ந்ததும் 1920இல் பிறப்பு எகிறியது.

இனி நம் ஊருக்கு வருவோம். 1918 அக்டோபரில் மலாயாவின் தோட்டங்களுக்குள்ளும் அந்தக் காய்ச்சல் புகுந்து பல்லாயிரம் பேரைக் கொன்றது. ஆனாலும் சிலாங்கூர்த் தமிழர்களின் தொட்டில் கணக்கை எழுதியது அதைவிடப் பழைய, விடாப்பிடியான நோய். அதன் பெயர் மலேரியா. தோட்டத்துப் பெரியவர்களுக்குக் குளிர்காய்ச்சல்.

1901 ஜனவரியில் மால்கம் வாட்சன் என்ற இளம் மருத்துவர் கிள்ளானுக்கு வந்து சேர்ந்தார். கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று செகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டறிந்து நான்கு ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம், அதாவது இன்றைய போர்ட் கிள்ளான், திறக்கப்பட்டது. சதுப்புக்காட்டை வெட்டி அமைத்த துறைமுகம். திறந்து சில வாரங்களுக்குள் தொழிலாளர்கள் கொத்துக் கொத்தாகக் காய்ச்சலில் விழ, துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. வாட்சன் காட்டை அழித்தார், சதுப்பு நீரை வாய்க்கால் வெட்டி வடித்தார், தாழ்ந்த இடங்களை மண் போட்டு மேடாக்கினார். கிள்ளானிலும் துறைமுகத்திலும் 1901இல் காய்ச்சலால் இறந்தவர்கள் 368 பேர். 1902இல் 59 பேர். தடுப்பூசி இல்லை, புதிய மருந்தும் இல்லை. வாய்க்கால்தான் செய்தது. மலேசிய மருத்துவ வரலாற்றில் இதைவிட மலிவான வெற்றி இருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

இதில் ஒரு வினோதம் உண்டு. கடலோரச் சமவெளியில் மலேரியாவைச் சுமந்த அனாஃபிலிஸ் கொசு நிழல் விரும்பி. காட்டை வெட்டினால் ஒழிந்துவிடும். மேட்டு நில ஓடைகளில் வாழ்ந்த வேறு வகை அனாஃபிலிஸ் வெயில் விரும்பி. காட்டை வெட்டினால் பெருகிவிடும். ரப்பர் கன்று நடக் காடழித்த மேட்டு நிலத் தோட்டங்களில், கிள்ளானில் உயிர் காத்த அதே கோடரி கொசுவை வளர்த்துவிட்டது. அதற்குப் பிறகுதான் பூமிக்கடியில் குழாய் பதித்து ஓடையை மறைப்பதும் தண்ணீரில் எண்ணெய் தெளிப்பதும் வந்தன.

இதற்கும் பிறப்புக்கும் என்ன தொடர்பு? நஞ்சுக்கொடிதான் தொடர்பு. மலேரியாவில் கொடிய வகையை உண்டாக்கும் ஃபால்சிபாரம் ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் குடியிருக்கும். நோயுற்ற சிவப்பணு ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருந்தால் மண்ணீரல் அதைப் பிடித்து அழித்துவிடும். அதனால் ஒட்டுண்ணி, தான் குடியிருக்கும் அணுவின் மேற்பரப்பில் ஒரு புரதத்தைக் கொக்கிபோல நீட்டி ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. பல ஆண்டுகள் காய்ச்சல் வந்து வந்து பழகிய உடல் அந்தக் கொக்கிகளை அடையாளம் கண்டு எதிர்ப்பு வளர்த்துக்கொள்ளும். பெண் முதல் முறை கர்ப்பமாகும்போது நிலைமை மாறுகிறது. நஞ்சுக்கொடி உடலுக்குப் புதிய உறுப்பு. அதன் சுவரில் மட்டும் பிடித்துக்கொள்ளத்தக்க வேறொரு கொக்கி ஒட்டுண்ணியிடம் இருக்கிறது. அதை அவள் உடல் அதுவரை பார்த்ததே இல்லை. நோயுற்ற அணுக்கள் அங்கே போய் அடைந்துகொள்கின்றன. குழந்தைக்குச் சத்தும் பிராணவாயுவும் போகும் வழி குறுகுகிறது. தாய்க்கு ரத்தசோகை, குழந்தை எடை குறைந்து பிறக்கும், அல்லது இறந்தே பிறக்கும், அல்லது பிறக்குமுன்பே கலைந்துவிடும். இரண்டாவது, மூன்றாவது பிரசவத்தில் உடல் அந்தக் கொக்கியையும் கற்றுக்கொண்டுவிடுவதால் ஆபத்து குறையும்.

இது மலேரியாவுக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்த பெண்ணின் கதை. மலேரியா அதிகமில்லாத ஊரிலிருந்து நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து, நேராகக் காடழித்த தோட்டத்து லயத்தில் குடியேறியவளுக்கு எதிர்ப்பு அறவே கிடையாது. அவளுக்கு முதல் பிரசவம், மூன்றாம் பிரசவம் என்ற சலுகையும் இல்லை. காய்ச்சலின் சூடே கருவைக் கலைத்துவிடும்.

அந்தக் காலத் தோட்டங்களில் பிறப்பு மிகக் குறைவு என்பதை வைத்து, எல்லாம் மலேரியாவின் வேலை என்று சொல்லிவிடலாமா? அவசரப்படக் கூடாது. 1911 கணக்கெடுப்பின்போது மலாயா இந்தியர்களில் ஆயிரம் ஆண்களுக்குப் பெண்கள் சுமார் 300 பேர்தான். ஆயிரம் பேருக்கு எத்தனை பிறப்பு என்று கணக்கிட்டால், பெண்ணே இல்லாத லயங்களும் அந்த ஆயிரத்தில் சேர்ந்துவிடும். விகிதம் சிறுத்துத் தெரிவதில் ஒரு பெரும்பங்கு, இளைஞர்களை மட்டும் ஆள்பிடித்துக் கொண்டுவந்த தொழில்முறையின் கைங்கரியம். பிள்ளைப்பேறு வயதுப் பெண்கள் ஆயிரம் பேருக்கு எத்தனை பிறப்பு என்று பார்ப்பதே நியாயம். பத்திரிகைகளில் வரும் பிறப்பு விகித ஒப்பீடுகளில் இன்றும் இந்தத் தவறு நடக்கிறது. வெளிநாட்டுத் தொழிலாளர்கள், அதிலும் ஆண்கள், மிகுந்த நாடு நம்முடையது.

மலேரியாவின் தனிப் பங்கை ஓரளவு பிரித்துக் காட்டியது இலங்கை. 1934-35 கொள்ளை நோயில் அங்கே ஏறக்குறைய 80 ஆயிரம் பேர் இறந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி. தெளிப்புத் தொடங்கியதும் ஆயிரம் பேருக்கு 20 என்றிருந்த இறப்பு 1946க்கும் 1947க்கும் இடையே, ஒரே ஆண்டில், 14க்கு வந்தது. இந்தச் சரிவு புகழ்பெற்றது. பலர் கவனிக்காதது, பிறப்பும் கூடியது. மலேரியா கடுமையாக இருந்த மாவட்டங்களையும் குறைவாக இருந்தவற்றையும் ஒப்பிட்ட ஏட்ரியன் லூக்கஸ் என்ற பொருளியலாளர், நோய் ஒழிந்த இடங்களில் பெண்களுக்கு முதல் குழந்தை முன்பைவிடச் சீக்கிரம் பிறந்ததையும், குழந்தை பிழைக்கும் வாய்ப்பு மாறிய விதம் அது எத்தனையாவது பிரசவம் என்பதைப் பொறுத்து வேறுபட்டதையும் கண்டார். நஞ்சுக்கொடியின் கதை அப்படியே புள்ளிவிவரத்தில் எழுந்து நின்றது. உயிரியலும் மக்கள்தொகையியலும் இவ்வளவு சுத்தமாகக் கைகோக்கும் இடங்கள் அதிகம் இல்லை.

அப்படியானால் நோய் எப்போதும் பிறப்பைக் குறைக்கும், நோய் ஒழிந்தால் கூடும் என்று சூத்திரம் எழுதிவிடலாமா? முடியாது. குழந்தைகளைக் கொல்லும் நோய் பிறப்பைக் கூட்டும். கைக்குழந்தை இறந்தால் தாய்ப்பால் கொடுப்பது நிற்கிறது, மாதவிடாய் திரும்புகிறது, அடுத்த கரு சீக்கிரம் வந்துவிடுகிறது. உடலே எடுக்கும் முடிவு இது. மனமும் ஒரு முடிவெடுக்கும்: நான்கில் இரண்டுதான் தங்கும் என்று கண்ட தலைமுறை ஆறு பெற்றது. அம்மையும் வயிற்றுப்போக்கும் அடங்கி, பிள்ளைகள் பிழைப்பார்கள் என்ற நம்பிக்கை வந்த பிறகே சிறு குடும்பம் வந்தது. மலேசியாவில் 1970இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 4.9 குழந்தைகள். தேசிய குடும்பக் கட்டுப்பாட்டு வாரியம் 1966இலேயே அமைந்துவிட்டது என்பது உண்மை; ஆனால் பிள்ளை பிழைக்கும் என்ற உறுதி இல்லாத தாய்க்கு எந்த வாரியமும் அறிவுரை சொல்லி ஏற்றியிருக்க முடியாது.

எபோலாவோ எதிர்பாராத திசையில் போனது. 2014இல் சியாரா லியோனில் பள்ளிகள் மாதக்கணக்கில் மூடப்பட்டன. வீட்டில் வருமானம் இல்லை, பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி என்ற பாதுகாப்பும் இல்லை. பதின்வயதுக் கர்ப்பங்கள் பெருகின. 2015இல் பள்ளி திறந்தபோது அரசு செய்த காரியம், கர்ப்பிணிச் சிறுமிகள் வகுப்புக்கு வரக்கூடாது என்று தடை போட்டது. 2020 மார்ச்சில்தான் அந்தத் தடை நீங்கியது. நோய் பிறப்பைக் கூட்டியதா குறைத்ததா என்ற கேள்விக்கு அங்கே ஒற்றை விடை இல்லை. வயது வந்த தம்பதிகளிடம் குறைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளிடம் கூடினால் மொத்த எண்ணிக்கை ஒன்றுமே நடக்காதது போலக் காட்டும்.

ஸிக்கா இன்னொரு தனி ரகம். கொல்வது அபூர்வம்; ஆனால் கருவிலிருக்கும் குழந்தையின் மூளையைத் தாக்கும். 2015 முடிவில் பிரேசிலில் தலை சிறுத்த குழந்தைகளின் படங்கள் வெளிவந்ததும் பெண்கள் கர்ப்பத்தைத் தள்ளிப்போட்டார்கள். அந்த அலையில் எதிர்பார்த்ததைவிட ஏறத்தாழ 1 லட்சத்து 20 ஆயிரம் பிறப்புகள் அங்கே குறைந்தன என்று பின்னர் கணக்கிட்டார்கள். எல் சால்வடோர் அரசு ஒருபடி மேலே போய், 2018 வரை கர்ப்பமாகாதீர்கள் என்று பெண்களுக்கு அறிவுரை சொன்னது. கருக்கலைப்பு முற்றிலும் தடை செய்யப்பட்ட நாடு அது. ஆண்களுக்கு என்ன அறிவுரை என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. 2016 செப்டம்பரில் மலேசியாவின் முதல் ஸிக்கா நோயாளி உறுதியானது கிள்ளானில்தான். சிங்கப்பூர் போய் வந்த ஒரு பெண்மணி. நல்லவேளை, இங்கே அது பெரிதாகப் பரவவில்லை.

ஆக நோய் பிறப்பைத் தொடும் வழிகள் பல: தாயின் உடல், துணையின் இறப்பு, பயம், வருமானம், கல்யாணத் தேதி, மூடிக் கிடக்கும் கிளினிக். எது முந்தும் என்பது கிருமியைவிட அது வந்து இறங்கும் ஊரைப் பொறுத்தது.

நம் ஊரில் முந்தியது எது? உடல் பக்கம் முதலில். 2021 ஜூனில் நாடு மீண்டும் முடங்கியது. ஆகஸ்டில் ஒரே நாளில் 24 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொற்றுகள் பதிவாயின. கிள்ளான் பள்ளத்தாக்கு மருத்துவமனைகள் மூச்சு முட்டின. செராஸில் எங்கள் பக்கத்து அடுக்குமாடிகளில் உதவி கேட்டு வெள்ளைக் கொடி தொங்கிய மாதங்கள் அவை. பரிசோதனைகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்காமல் விட்டதால் தடுப்பூசி அவர்களுக்கு ஏற்றதா என்ற தயக்கம் உலகம் முழுக்க இருந்தது. டெல்டா வகை அந்தத் தயக்கத்தைப் பயன்படுத்திக்கொண்டது. பிள்ளைத்தாய்ச்சியின் நுரையீரலுக்கு ஏற்கெனவே இடம் குறைவு. கருப்பை உதரவிதானத்தை மேலே தள்ளியிருக்கும். கிருமி நஞ்சுக்கொடியையும் அழற்சியாக்கிக் குழந்தையை உள்ளேயே கொன்ற நிகழ்வுகளும் உலகெங்கும் பதிவாயின. மலேசியாவில் 1 லட்சம் பிறப்புக்கு 25ஐ ஒட்டியிருந்த தாய் இறப்பு, 2021இல் 68க்குத் தாவியது. பல பத்தாண்டு உழைப்பில் இறக்கிய எண் அந்த 25. ஒரே ஆண்டில் போனது. பிறப்பு எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்படும் அமைச்சுகள் இந்த 68ஐப் பற்றி அதைவிடக் கூடுதலாகக் கவலைப்பட்டிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

அடுத்தது கல்யாணம். 2019இல் 2 லட்சத்து 4 ஆயிரமாக இருந்த திருமணங்கள் 2020இல் 1 லட்சத்து 85 ஆயிரத்துக்கு விழுந்து, 2021இல் 2 லட்சத்து 15 ஆயிரத்துக்கு ஏறின. மண்டபம் மூடியிருந்தது, கோயிலில் கூட்டம் கூடாது, வெளிநாட்டு உறவினர் வர வழியில்லை. கல்யாணத்துக்கு வெளியே குழந்தை பெறுவது அரிதான சமூகத்தில் கல்யாணம் தள்ளினால் பிறப்பும் தள்ளும். அடுத்த ஆண்டுகளில் இது அப்படியே தெரிகிறது: 2022இல் பிறப்பு அடிமட்டம், 2023இல் 4 லட்சத்து 56 ஆயிரத்துக்கு எழுச்சி. தள்ளிப்போட்ட குழந்தைகளில் ஒரு பகுதி வந்து சேர்ந்துவிட்டது என்றே இதைப் படிக்கிறேன்.

ஒரு பகுதி என்று சொல்லக் காரணம் வயது. இருபத்து நான்கில் கல்யாணம் ஆகும் ஊரில் இரண்டு ஆண்டு தள்ளிப்போனால் ஒன்றும் கெட்டுவிடாது. நார்வேயின் 1920 போல ஈடு செய்துகொள்ளலாம். முப்பத்து மூன்றில் முதல் பிள்ளைக்குத் திட்டம் போடுபவருக்கு இரண்டு ஆண்டு என்பது பெரும்பாலும் இரண்டாவது பிள்ளையின் விலை. செராஸையே எடுத்துக்கொள்ளுங்கள். தாமான் மிடாவிலும் தாமான் கனாட்டிலும் எம்.ஆர்.டி. நிலையத்தைச் சுற்றி முளைத்த கொண்டோக்களில் வாழும் இளம் தம்பதிகளில் இருவரும் வேலைக்குப் போகிறார்கள். வீட்டுக் கடன், கார் கடன், குழந்தை பிறந்தால் தாஸ்காவுக்கு மாதக் கட்டணம். பாட்டி தைப்பிங்கிலோ சுங்கை சிப்பூட்டிலோ இருக்கிறார். இங்கே முதல் பிள்ளை தாமதமாகத்தான் வரும், நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும். வளரும் நாடு என்ற பட்டியலில் நாம் இருக்கலாம், தொட்டில் கணக்கில் கிள்ளான் பள்ளத்தாக்கு ஜப்பானுக்கு அருகில் நிற்கிறது. மலேசிய இந்தியப் பெண்ணுக்குச் சராசரியாக 1.2 குழந்தைகளை ஒட்டித்தான் பிறக்கின்றன; மக்கள்தொகை நிலைத்திருக்க 2.1 வேண்டும்.

கோவிட்டால்தான் பிள்ளைகள் குறைந்தார்கள் என்று சமுதாயக் கூட்டங்களில் பேசுவது வசதியாக இருக்கிறது. கோவிட் போய்விட்டது, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று அதற்கு அர்த்தம். 2024இல் முடக்கம் இல்லை, மண்டபங்கள் திறந்திருந்தன, சீனக் குடும்பங்கள் பிள்ளை பெற விரும்பும் டிராகன் ஆண்டும் அதுவே. பிறந்தவர்கள் 4 லட்சத்து 15 ஆயிரம். நோய்க்காலத்தின் அடிமட்டமான 2022ஐவிட அது 8 ஆயிரம் குறைவு. அந்தப் பிள்ளைகள் இன்னும் சில ஆண்டுகளில் முதலாம் ஆண்டுக்கு வருவார்கள். நம் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் வகுப்பறைக் கணக்கை இப்போதே போட்டுப் பார்ப்பது நல்லது.